இன்னொரு சல

எங்கள் மத்திகிரி லைன் வீடுகளுக்குள் அந்த அம்மா நுழைந்தால் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரியின் முகத்தை அப்புறம்தான். சட்டியின் மூடியைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியில் ஆவி படியக் குனிந்து, "இதுல என்ன போட்டீங்க? எவ்ளோ போட்டீங்க? யாரு யாரு சாப்பிட்டீங்க?" என்று தொடங்குவாள். அடுத்த வீட்டுச் சட்டியைத் திறந்து பார்ப்பது எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வருகிறவள் செய்கிற வேலை. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் சொன்னேன். "ஹௌதா?" என்றாள். கன்னடத்தில் அப்படியா என்று அர்த்தம். கேட்டுவிட்டு அடுத்த சட்டியைத் திறந்தாள்.

பெங்களூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். ஒரு தோளில் ஐஸ் பெட்டி, இன்னொரு தோளில் கண்ணாடிக் குழாய்கள் கலகலக்கும் பை. சர்க்கரை வியாதி யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று பெரிய டாக்டர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்களாம். அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்துக்கொடுப்பது இவள் வேலை. தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். லைனில் அவளுக்கு ரத்தக்காரம்மா என்று பெயர். டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்ல" என்று நின்று விளக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். கொடுக்கிற மரியாதையை வாங்கிக்கொள்ளக்கூடத் தெரியாதவள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவள் என்பதால் அவள் இவள் என்றே எழுதுகிறேன்.

நான் அப்போது மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கிற வேலையில் இருந்தேன். பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள்.

"நேத்து காலையில இருந்து என்ன சாப்பிட்டீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டால் சாப்பிட்டேன் என்பதுதான் பதில். பட்டினி கிடந்தவளும் அதைத்தான் சொல்வாள். அதற்கு மேல் போலீஸ்காரர் மாதிரி துருவினால் எரிச்சல் வராதா?

"களி தின்னேன்."

"எவ்ளோ?"

"ஒரு உருண்டை."

"ஒரு உருண்டைன்னா எவ்ளோ?"

"ஒரு உருண்டைன்னா ஒரு உருண்டைதாம்மா. உங்க ஊர்ல அரை உருண்டைக்கு ஒரு உருண்டைன்னு பேரா?"

பையிலிருந்து ஒரு தராசை எடுத்தாள். அன்றைக்குக் கிண்டி வைத்திருந்த களியை உருட்டித் தட்டில் வைக்கச் சொன்னாள். முள்ளைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னாள். "இன்னொரு சல." சல என்றால் தடவை. எதைச் செய்தாலும் இன்னொரு சல செய்யாமல் விடமாட்டாள்.

"அதுக்குள்ள களி எளைச்சா போயிடும்?" என்று கேட்டேன்.

"களி எளைக்காதும்மா. என் கண்ணு தப்பா பாத்திருக்கும்."

இதில்தான் அவளோடு முழுச் சண்டை போட முடியாமல் போகும். அடுத்தவர் சொல்லை நம்பாதவளை நாலு வார்த்தை திட்டலாம். தன் கண்ணையே நம்பாதவளை என்ன சொல்லித் திட்டுவது? பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி, "உன்னைக் கட்டினவரு தாலியை ஒரு சல கட்டுனாரா, ரெண்டு சலயா?" என்று கேட்டுவிட்டாள். லைனே சிரித்தது. இவள் யோசித்துப் பார்த்து, "மூணு முடிச்சு" என்றாள்.

பணக்கார வியாதியை ஏன் எங்கள் வீட்டில் வந்து தேடுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "அதுதாம்மா எங்களுக்கும் புரியல. கழனியில வேலை செஞ்சு களி தின்னவங்க, ஃபேக்டரிக்கு வந்து மூணு வேளையும் வெள்ளச் சோறு சாப்பிடறாங்க. உடம்புல சதையே இல்ல, ஆனா சர்க்கரை இருக்கு. ஏன்?" என்றாள். எனக்குத்தான் தெரியும் என்பது போல என் முகத்தையே பார்த்தாள். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவளை நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் எனக்கும் அவளுக்கும் ஒன்றுமில்லை. என் மகள் கௌரியின் வயிற்றுப் பிள்ளையில் வந்து நின்றாள்.

கௌரியும் மருமகனும் அதே லைனில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். மருமகனுக்கு ஓசூர் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. கௌரிக்கு அப்போது மூன்றாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை செத்தே பிறந்தது. இரண்டாவது ஒருநாள் இருந்தது. இரண்டும் பண்ணைக் கன்று மாதிரி பெரிய பெரிய பிள்ளைகள். இவ்வளவு பெரிய பிள்ளை எப்படிப் போகும் என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். சாமல்பட்டியில் இருந்த சம்பந்தியம்மா அப்படிக் கேட்கவில்லை. "இதுவும் தங்கலன்னா எம் மவனுக்கு வேற எடம் பாத்துடுவேன்" என்று என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாள் சொன்னால் செய்கிறவள்.

செத்த பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ரத்தக்காரம்மா வாய் திறந்தாள். மாசமாக இருக்கிற பெண்ணிடம், "ரெண்டும் எவ்ளோ வெயிட் இருந்துச்சு?" என்று கேட்டாள். விளக்குமாற்றை எடுக்கத்தான் எழுந்தேன். அதற்குள் கௌரி பதில் சொல்லிவிட்டாள். இவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "அம்மாவுக்கு சர்க்கரை இருந்தா புள்ள இப்படிப் பெருசா வளரும். பாத்தே ஆகணும்" என்றாள்.

சர்க்கரை என்ற பேர் மட்டும் சாமல்பட்டிக்குப் போனால் என் மகள் வாழ்க்கை முடிந்தது என்று எனக்குப் பட்டது. பரீட்சை என்றால் எப்படியாவது பாஸாகிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மூத்திரம் பார்க்கிற அன்றைக்கென்று சம்பந்தியம்மாவும் வந்து இறங்கினாள். சின்னப் பாட்டில் ஒன்றில் கௌரி என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. கூட்டிப் படித்தேன். குளியலறைக் கதவருகே அதை மகள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "நீ போடி உள்ள" என்றேன். நானே போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். வெயிலில் புல் அறுத்து, களியும் கீரையும் தின்கிற உடம்பில் என்ன சர்க்கரை இருக்கப் போகிறது?

லைன் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். ரத்தக்காரம்மா ஒரு குழாயில் நீலத் தண்ணீர் ஊற்றி, அதில் சொட்டுகளை எண்ணி விட்டு, சின்ன விளக்கில் காட்டினாள். நீலம் நீலமாகவே இருந்தால் ஒன்றுமில்லையாம். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் பொடியைக் கரைத்தது போல ஆகிவிட்டது.

"ஓகோ," என்றாள் சம்பந்தியம்மா. "பொண்ணு குடுக்கும்போது இத மறைச்சுதான் குடுத்தீங்களா, சம்மந்தி?"



ரத்தக்காரம்மா யாரையும் பார்க்கவில்லை. குழாயைக் கழுவி இன்னொரு சல காய்ச்சினாள். திரும்பவும் செங்கல். பிறகு கௌரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது யாருதும்மா?"

"எம் பொண்ணுதுதான்."

"ஹௌதா? இத வச்சு பெங்களூர்ல ஊசி எழுதுவாங்க. சர்க்கரை இல்லாதவங்களுக்கு அந்த ஊசி போட்டா மயங்கி விழுவாங்க. வயித்துல இருக்கற புள்ளைக்கும் ஆபத்து. அதுக்குத்தான் கேக்கறேன். யாருது?"

"சொன்னேனே."

"இன்னொரு சல சொல்லுங்க. யாருது?"

நாலாவது தடவை கேட்டதும், "என்னுதுதாண்டியம்மா! போதுமா?" என்று கத்திவிட்டேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த லைனிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரத்தக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பாட்டிலில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினாள். "உங்க வயசு எத்தினி?" என்று கேட்டாள். பாட்டிலை அவள் மண்டையிலேயே போட்டு உடைத்திருப்பேன்.

அப்படித்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரிந்தது. அவள் இரண்டு வருஷத்தில் வேலை மாறி எங்கோ போய்விட்டாள். இன்றைக்கும் காலையில் மாத்திரையை விழுங்கும்போது அவளை ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் விழுங்குகிறேன்.

கௌரியின் பாட்டிலை அப்புறம் பார்த்தாள். நீலம் நீலமாகவே இருந்தது. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சம்பந்தியைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. "மூத்திரம் நல்லா இருந்தா போதாது, ரத்தம் பாக்கணும்" என்றாள். வெறும் வயிற்றில் வந்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டுமாம். பிள்ளைத்தாய்ச்சியை வெறும் வயிற்றில் வைப்பதா? குறித்த நாள் காலையில் ஒரு டம்ளர் பாலை மறைத்துக் கொடுத்துவிட்டேன். கௌரியிடம் நாலு தடவை கேட்டு அதையும் கண்டுபிடித்தாள். ரத்தம் எடுக்காமலே திரும்பிப் போனாள். அடுத்த வாரம் முதல் பஸ்ஸில் வந்து, என் அடுப்புக்கு எதிரே பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பால்காரர் வந்ததும் அவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கௌரிக்கும் இருந்தது. அவளுக்கு மூத்திரத்தில் தெரியாமல் ரத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. இவள் விடாமல் பார்த்ததால் தெரிந்தது என்று லைனில் மெச்சிக்கொண்டார்கள். நான் மெச்சவில்லை. இரண்டே வாரத்தில் தாய்க்கும் மகளுக்கும் வியாதி கொடுத்தவளை யார் மெச்சுவார்கள்?

பெங்களூர் டாக்டர் தினமும் போடச் சொல்லி ஊசி எழுதினார். அந்த மருந்து சூட்டில் கெட்டுவிடும். லைனில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் இன்னொரு சின்னச் சட்டியில் மருந்தை வைக்கச் சொன்னாள். சரி என்று வைத்தேன். வருகிறபோதெல்லாம் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்றைப் பானைக்குள் விட்டுப் பார்த்தாள்.

"பானைக்கு என்னம்மா, காய்ச்சலா?"

"இல்ல, நல்லா இருக்கு," என்றாள் நிஜமாகவே. அப்புறம் வெளியே எடுத்துத் துடைத்து, இன்னொரு சல விட்டாள்.

ஊசி நான்தான் போட்டேன். பண்ணையில் மாட்டுக்கு ஊசி போடும்போது கொம்பைப் பிடித்தவளுக்கு என் மகள் ஒரு சுமையா? நாலு மாதம் ஒருநாள்கூடத் தப்பவில்லை. அதையும் அவள் நம்பாமல், காலி மருந்துக் குப்பிகளை எண்ணிப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா ஊருக்குப் போகும்போது ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போயிருந்தாள். "புள்ள பொறந்ததும் ஆள் சொல்லுங்க. மொத சர்க்கரைத் தண்ணி எங்கையால தொட்டு வெக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு அது நாக்குல படக்கூடாது. போன தடவ யாரோ வெச்சாங்க, அதான் தங்கல."

கௌரிக்கு ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் காலை ஏழு மணிக்குப் பிறந்தது. ஆண் பிள்ளை. முந்தைய இரண்டைப் போலப் பெரிதில்லை, ஊரில் இருக்கிற பிள்ளைகளைப் போல ஒரு பிள்ளை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மருமகன் சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுச் சொன்னார். சம்பந்தியம்மா கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வர மதியமாகிவிடும். நர்ஸ் வந்து, "பால் குடுங்க" என்றாள். "இதோ ஆச்சு" என்றேன். டாக்டர் வந்து சொன்னார். தலையாட்டினேன். பசியெடுத்தால் அழட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். பிள்ளை அழவே இல்லை. நல்ல பிள்ளை, அப்பத்தா வரும்வரை காத்திருக்கிறது என்று கௌரியிடம் சொல்லிச் சிரித்தேன்.

ரத்தக்காரம்மா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். பச்சைப் பிள்ளையை எடை போட்டாள், இரண்டு தடவை. கையை அளந்தாள், மார்பை அளந்தாள். அளந்தால் கண் படும் என்றேன். "ஹௌதா?" என்று தலையையும் அளந்தாள். பிறகு குதிகாலில் குத்தி ஒரு பொட்டு ரத்தத்தை ஒரு காகிதத் துண்டில் எடுத்து, நிறத்தைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அரை மணி கழித்துத் திரும்பவும் ஊசியோடு வந்தாள்.

"நல்லா இருக்குன்னு இப்பதானே சொன்ன?"

"அப்ப நல்லா இருந்துச்சு. இப்ப எப்படின்னு தெரியாதும்மா."

அப்போதும் நன்றாக இருந்தது. மூன்றாம் தடவை வந்தபோது பிள்ளையைத் தூக்கி என் மார்பில் அணைத்துக்கொண்டேன். "ஏம்மா, உனக்கு மனசே இல்லியா? இது புள்ளையா, களி உருண்டையா?" என்று கேட்டேன். அவள் என் கைக்கு வெளியே தொங்கிய காலைப் பிடித்துக் குத்திவிட்டாள். காகிதத்தைப் பார்த்தாள். அடுத்த காலிலும் குத்தினாள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"புள்ள பால் குடிச்சுதா?"

"குடிச்சுது."

"எத்தினி மணிக்கு? எந்தப் பக்கம்?"

நான் பிள்ளையின் துணியை இழுத்துவிட்டேன். கௌரி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அம்மா, கேளுங்க. கௌரி ரத்தத்துல இருந்த சர்க்கரை கொடி வழியா புள்ளைக்குப் போயிட்டு இருந்துச்சு. அதைச் சமாளிக்க புள்ள உடம்பு தானா மருந்து சொரந்துச்சு. கொடிய அறுத்தாச்சு, சர்க்கரை நின்னுபோச்சு. உள்ள அந்த மருந்து நிக்கல. இருக்கற கொஞ்சத்தையும் தின்னுட்டு இருக்கு. இது அமைதியா இல்ல, இதுக்கு அழ தெம்பு இல்ல."

"சம்மந்தியம்மா வந்துடட்டும். வந்துகினேதான் இருப்பாங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "பண்ணையில கன்னு பொறந்தா சீம்பால் எவ்ளோ நேரத்துல குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"அரை மணிக்குள்ள," என்றேன். வேலையைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தானாக வந்துவிடும். "நின்னு குடிக்கலன்னா கறந்து வாயில ஊத்துவோம்."

"ஏன்?"

சொல்ல வாயெடுத்தவள் குனிந்து பிள்ளையைப் பார்த்தேன். விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. கண் பாதி திறந்து கிடந்தது. காலையிலிருந்து அதை வேறு யார் வீட்டுப் பிள்ளையோ போலக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொண்டுபோய்க் கௌரி மார்பில் போட்டேன். பிள்ளைக்கு இழுத்துக் குடிக்கக்கூட வலுவில்லை. கன்றுக்குக் கறக்கிற மாதிரி நானே பாலாடைச் சங்கில் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டேன். ரத்தக்காரம்மா ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். இதில் சர்க்கரை ஏறவில்லையென்றால் நரம்பில் ஏற்றுவோம் என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கழித்துக் குத்தியபோது ஏறியிருந்தது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துக் குத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. அதன் குரல் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு மணிக்குச் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தாள். முந்தானை முடிச்சில் கற்கண்டு. பிள்ளையின் வாயோரத்தில் பால் காய்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"யாரு குடுத்தது?"

யாரும் கொடுக்கவில்லை, எச்சில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான்தான் குடுத்தேன்," என்றேன். "உங்களுக்காகக் காத்திருந்து மூணு மணி நேரம் பட்டினி போட்டேன். இன்னும் போட்டிருந்தா இந்நேரம் இல்ல. அப்பறம் உங்க இஷ்டம்."

சம்பந்தியம்மா பிள்ளையைத் தொடவில்லை. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். என் மகள் வாழ்க்கை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் புண்ணியவதியோ நோட்டை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

"உங்களுக்கு எத்தினி புள்ளங்க?"

"மூணு."

"பொறந்தது எத்தினி?"

சம்பந்தியம்மா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். "நாலு," என்றாள் கடைசியில்.

"மொத புள்ளையா போனது?"

"மொத புள்ளதான்."

"பெருசா இருந்துச்சா?"

"தூக்க முடியாது." சம்பந்தியம்மாவின் கை முந்தானை முடிச்சைப் பிசைந்துகொண்டிருந்தது. "எம் மாமியா பாரூருக்குப் போயிருந்தாங்க. வர ரெண்டு நாளாச்சு. அவங்க வந்துதான் தொட்டு வெக்கணும்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அது அழவே இல்ல. தூங்கிகினே இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம ஒரு சொட்டுப் பால் வாயில வெச்சேன். அன்னிக்கே போயிடுச்சு. நான் முந்தி வெச்சதாலதான் போச்சுன்னு எம் மாமியா சொன்னாங்க."

"எத்தினி சொட்டு வெச்சீங்க?"

அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? வாசலைத் தாண்டிப் போய் அவள் நோட்டைப் பிடுங்கிவிடலாம் என்று காலை எடுத்து வைத்தேன்.

"ஒண்ணு. பயத்துல ஒண்ணுதான் வெச்சேன்."

ரத்தக்காரம்மா நோட்டை மூடினாள். "அப்ப என்ன ஆச்சுன்னு நான் பாக்கல, அதனால சொல்ல முடியாது. ஆனா நீங்க வெச்ச பாலால போகலம்மா. அது தப்பில்ல. போதல, அவ்ளோதான்."

சம்பந்தியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலில் கௌரியைத் தள்ளிப் படுக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை அப்போதுதான் கண் அசந்திருந்தது. அதன் கன்னத்தை விரலால் தட்டினாள்.

"தூங்குதுன்னு உட்டுடாதடி," என்றாள். "எழுப்பிக் குடு."